வெலிங்டனில் ஒரு பெரட்டு

1

தபாலில் சரோஜா என்ற என் பெயருக்கு ஒரு சான்றிதழ் வந்திருக்கிறது. பொறியியலாளர் சங்கத்தில் நான் அங்கத்தவராகி இருபது வருடம் முடிந்துவிட்டதாம். தடித்த உறை, அதற்குள் தடித்த தாள், தங்க நிறத்தில் ஒரு முத்திரை. கூடவே ஒரு படிவமும் வந்தது. எங்கே பிறந்தீர்கள், எங்கே வளர்ந்தீர்கள், ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று நாலு வரி எழுதி அனுப்பினால் செய்திமடலில் போடுவார்களாம். நாலே வரிதான். அந்தப் படிவம் வாரக்கணக்கில் எங்கள் சாப்பாட்டு மேசையில் கிடக்கிறது. அதன் மேல் ஒரு தடவை பருப்புக் கறி சிந்தி, மூலையில் மஞ்சள் கறை பிடித்துவிட்டது.

நியூசிலாந்தில் பொறியியலாளர் என்றதும் ஊரில் இதைப் படிக்கிறவர்கள் வானளாவிய கட்டடத்தை நினைத்துக்கொள்ள வேண்டாம். நான் மழைத் தண்ணீர் போகும் வழியைப் பார்ப்பவள். தெருவோரக் கான், நிலத்தடிக் குழாய், சரிவில் ஊறி இறங்கும் நீர், இவைதான் என் பிழைப்பு. வெலிங்டன் முழுக்க மேடும் பள்ளமும். வீடுகள் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கும். காற்று எந்த நேரமும் யாரையாவது தள்ளிக்கொண்டே இருக்கும். குடை வாங்கினால் அது ஒரு நாள் சாமான்.

சங்கத்தில் எனக்கு ஒரு பதவியும் உண்டு. மாணவர்களையும் வேலைக்குப் புதிதாக வந்த பொறியியலாளர்களையும் சங்கத்துக்குள் இழுத்து வைத்திருக்கும் குழுவுக்கு நான் பொறுப்பு. யாரும் ஆசைப்படாத பதவி என்பதால் நாலு வருடமாக என்னிடமே இருக்கிறது. பேச்சுக் கூட்டம் வைக்க வேண்டும், வேலைத்தளம் காட்ட வேண்டும், அங்கத்துவ விண்ணப்பம் எழுதுகிறவர்களுக்கு வழிகாட்டியாக ஒருவரைப் பிடித்துக் கொடுக்க வேண்டும். சம்பளம் கிடையாது. பீட்சா உண்டு.

2

முன்பெல்லாம் நாற்பது கதிரை போட்டால் முப்பது நிறையும். பிறகு இருபது நிறைந்தது. இந்த வருடத்தின் முதல் கூட்டத்துக்கு ஒன்பது பேர் வந்தார்கள். அதில் ஒருவர் கதவு பூட்டுகிறவர். கிளைத் தலைவர் தன் மீசைக்குள்ளேயே ஏதோ சொல்லிக்கொண்டார். நான் மிஞ்சிய பீட்சாவைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

"இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்றிலும் ஒட்டுதல் கிடையாது" என்று வீட்டில் கத்தினேன். என் மகள் மதுராவும் பொறியியல்தான் படிக்கிறாள், இரண்டாம் வருடம். சங்கத்தில் சேர் என்று நான் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போனேன். அவள் ஆறிய பீட்சாவைக் கடித்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மா, உங்கட கூட்டத்துக்கு வந்தால் வேலை தருவீங்கள் எண்டு எல்லாருக்கும் தெரியும். அதான் ஒருத்தரும் வாறேல்லை."

"வேலை கொடுக்காமல்? சும்மா வந்து தின்றுவிட்டுப் போகவா?"

"நீங்கள் கூட்டம் நடத்தேல்லை அம்மா. ஆள் எண்ணுறீங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் இல்லை. கூட்டம் தொடங்கியதும் நான் முன்னால் போய் நிற்பேன். கையில் பதிவேடு இருக்கும். ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவேன். கூப்பிட்ட கையோடு, எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுவேன். ஜோஷ், வாசல், பெயர் அட்டை. எமிலி, மேடை, ஒலிவாங்கி. பிந்தி வந்தால் பெயருக்கு நேரே ஒரு கோடு. இரண்டு தடவை வராவிட்டால் காரணம் கேட்டு மின்னஞ்சல் போகும். இதில் என்ன தப்பு என்று உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. ஒரு கூட்டத்தை வேறு எப்படி நடத்துவது?

இதை நான் எங்கே படித்தேன் என்று நினைத்துப் பார்க்க நாலு வருடமாகத் தோன்றவில்லை. பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் விடியற்காலைப் பனியில், கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நிற்கும் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன். கணக்கப்பிள்ளை பதிவேட்டை விரித்து வாசிப்பார். பேர், மலை, வேலை. ராமாயி, ஆறாம் நம்பர், கொழுந்து. பெயர் வந்ததும் அம்மா அரை அடி முன்னால் வந்து "இருக்கேங்க" என்பாள். பிந்தி வந்தவளுக்கு அன்று பெயர் இல்லை, கூலியும் இல்லை. அவள் திரும்பித் தோட்டத்து வரிசை வீட்டுக்கு, லயத்துக்கு, நடப்பாள். அந்த நடையை நான் எவ்வளவு வெறுத்தேன் என்று சொல்லி முடியாது. வெறுத்ததைத்தான் கடல் தாண்டிக் கொண்டுவந்து பீட்சாவோடு பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறேன்.

3

அடுத்த கூட்டத்துக்கு ஒரு புதுப் பெயர் வந்தது. நிரோஷா செல்வராஜ். இலங்கையில் பொறியியல் முடித்து, இங்கே மேற்படிப்பும் முடித்து, ஒரு சிறிய நிறுவனத்தில் தற்காலிகமாக வேலை செய்கிறாள். சங்கத்தின் அங்கத்துவம் கிடைத்தால்தான் நிறுவனம் அவளை நிரந்தரமாக்கும். நிரந்தரமானால்தான் விசா நீளும். முதல் விண்ணப்பத்தைச் சங்கம் திருப்பி அனுப்பிவிட்டது. களத்தில் தானே முடிவெடுத்துச் செய்த வேலைக்கு ஆதாரம் போதாதாம். இன்னும் ஒரே ஒரு தடவை அனுப்பலாம். வழிகாட்டியாக அவளுக்கு என் பெயரைக் கொடுத்திருந்தார்கள். புது அறிக்கையை அவள் திங்கட்கிழமையே அனுப்பியிருந்தாள். வேலை அவசரத்தில் நான் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமைக் கூட்டத்தில் வழக்கம்போலப் பதிவேட்டோடு நின்றேன். மகள் சொன்னது காதில் இருந்தாலும் கை பழக்கத்தை விடவில்லை. மற்றப் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே ஒரு விரலைத் தூக்குவார்கள். "நிரோஷா, பின் மேசை, தேநீர்" என்று நான் கூப்பிட்டதும் அவள் எழுந்தாள், அரை அடி முன்னால் வந்தாள்.

"இருக்கேங்க."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கையிலிருந்த பேனை நழுவியது. குனிந்து எடுக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் தேநீர்க் கோப்பையோடு என்னிடம் வந்தாள். கண்ணில் ஒரு குறும்பு.

"இங்கயும் என்னைத் தேயிலைக்கே போட்டுட்டீங்களே அக்கா."

நானும் சிரித்துவிட்டேன். அவளுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"நான் கொஸ்லந்தைங்க. தப்பா நெனைக்காதீங்க, நீங்க எந்தத் தோட்டம்?"

பக்கத்தில் கிளைத் தலைவர் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தார். அவருக்குத் தமிழில் ஒரு சொல்லும் தெரியாது. அந்த மண்டபத்தில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அப்படியிருந்தும் நான் சொன்னேன்:

"தோட்டம் இல்ல. நான் பதுளை டவுன்."

யாருக்குப் பயந்து அதைச் சொன்னேன் என்று இந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. அவள் கோப்பையை மேசையில் வைத்தாள்.

"ஓ. சரிங்க மேடம்."

அக்கா போய் மேடம் வந்துவிட்டது.

4

'பதுளை டவுன்' எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். பொய்யும் ஒரே நாளில் முளைப்பதில்லை.

என் பிறப்புச் சான்றிதழில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் லயக் காம்பராவின், அந்த ஒற்றை அறையின், இலக்கம்தான் இருக்கிறது. குடிவரவு அலுவலகத்துக்காக அதை ஆங்கிலத்தில் மாற்ற, பதுளையில் மொழிபெயர்ப்பு செய்யும் ஒருவரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இதெல்லாம் அந்த நாட்டுக்காரனுக்கு எதுக்கும்மா, மாவட்டத்தப் போட்டாப் போதும்" என்று பதுளை என்று தட்டி முத்திரை குத்திக் கொடுத்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். நிம்மதிதான் வந்தது. பதுளையில் விடுதியில் தங்கி உயர்தரம் படித்தவள் நான். ரயில் கடைசியாக வந்து நிற்கிற அந்த ஊர் எனக்குக் கொஞ்சம் சொந்தம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பிறகு ரவியைக் கல்யாணம் செய்தேன். ரவி யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா பதுளையில் அரசாங்கக் கிளாக்கராக இருந்தவர். "பதுளைப் பெட்டை" என்றுதான் அவர்களுடைய சொந்தங்களுக்கு என்னை அறிமுகம் செய்தார்கள். நான் திருத்தவில்லை. மெல்ல மெல்ல என் பேச்சும் மாறியது. ஒரு நாள் பண்டாரவளையில் இருக்கும் தம்பியோடு போனில் பேசும்போது "அது அலுமாரியில் கிடக்கு" என்று சொல்லிவிட்டேன். "என்னக்கா, ரேடியோவுல யாழ்ப்பாணத்து நாடகம் கேக்குற மாதிரியே இருக்கு" என்று அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

மதுராவுக்கும் பதுளை என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பெரிய பிள்ளையானதும் சொல்லலாம் என்று இருந்தேன். அவள் பெரிய பிள்ளையாகி, நான் என்ன சொன்னாலும் போனிலிருந்து கண்ணை எடுக்காத வயதுக்கும் வந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு மறுநாள் நிரோஷாவிடமிருந்து இன்னொரு மின்னஞ்சல் வந்தது. 'மேடம், திங்கட்கிழமை அனுப்பியதைப் பார்க்க வேண்டாம், அழித்துவிடுங்கள். இதுதான் சரியானது.' நான் இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

இரண்டாவதில், பட்டம் பெற்ற பிறகு பதினான்கு மாதத்துக்கு நேரே ஒரே ஒரு வரி. 'பதுளையில் வேலை தேடிக்கொண்டிருந்தேன்.'

முதலாவதில் அந்தப் பதினான்கு மாதத்துக்கு எட்டுப் பக்கம் இருந்தது. கொஸ்லந்தையில் அவர்கள் லயத்துக்கு மேலே, தேயிலைக்குள் ஒரு வெடிப்பு ஓடியிருக்கிறது. படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டுக்கு வந்தவள், வெடிப்பின் இரண்டு பக்கமும் முளை அடித்து, இடைவெளியை ஒவ்வொரு காலையும் அளந்திருக்கிறாள். பால்மா டின்னை வைத்து மழையை அளந்திருக்கிறாள். மேல் ரோட்டுத் தண்ணீர்தான் அந்த வெடிப்புக்குள் இறங்குகிறது என்று கண்டுபிடித்து, கான் வெட்டித் தரத் தோட்ட நிர்வாகத்திடம் கேட்டால், அடுத்த வருடம் பார்க்கலாம் என்று பதில். ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து ஆட்களே மண்வெட்டியோடு ஏறினார்கள். தண்ணீர் ஊற்றிய பிளாஸ்டிக் குழாயால் மட்டம் பார்த்து அவள் கோடு போட்டுக் கொடுத்தாள். கோடு முனியாண்டிக் கல்லைக் கடந்து போகக் கூடாது என்று ஆட்கள் மறித்ததும், கல்லைச் சுற்றி வளைத்து, சரிவைத் திரும்பக் கணக்குப் போட்டு, வளைவில் அரிக்காமல் கல் பதித்தாள். எந்த அளவுக்கு மழை பெய்தால் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்ற வேண்டும் என்று ஒரு எல்லையும் வகுத்து, லயத்துச் சுவரில் எழுதி வைத்தாள். வெடிப்பு நின்றது. மண் சரியாமல் இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.

தானே முடிவெடுத்துச் செய்த வேலை எங்கே என்று சங்கம் கேட்டதற்கு இதைவிட வேறு என்ன பதில்? கொஸ்லந்தையை எழுதலாம் என்று திங்கட்கிழமை நினைத்தவள், வெள்ளிக்கிழமை ஏன் அழித்தாள் என்பதற்கு நான் யாரிடமும் விளக்கம் கேட்கத் தேவையில்லை. நடுவில் வந்தது என் வியாழக்கிழமை.

முதல் அறிக்கையையே அனுப்பு என்று எழுதினேன். உடனே பதில் வந்தது. 'வேணாங்க மேடம். லயத்துல கான் வெட்டினதப் போய் எழுதினா சிரிப்பாங்க.' அனுப்பக் கடைசி நாள் அடுத்த வெள்ளிக்கிழமை. புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரை எடுத்துக்கொண்டு அவள் வேலைத்தளத்துக்குப் போனேன்.

5

ஒரு சரிவின் பாதியில், செம்மஞ்சள் மேற்சட்டையும் தலைக்கவசமுமாக, குழாய்க்குள் நாடாவை விட்டு நீர்மட்டம் அளந்துகொண்டிருந்தாள். காற்று காதை அடைத்தது. நான் மூச்சு வாங்க ஏறினேன். பீடிகை எதுவும் வரவில்லை.

"நிரோஷா, நான் பூனாகலை. மேல் டிவிசன். எட்டாம் நம்பர் லயம், கடைசிக் காம்பரா."

அவள் முதலில் அளவைக் குறித்துக்கொண்டாள். பிறகுதான் நிமிர்ந்தாள்.

"தெரியுங்க."

"என்ன தெரியும்?"

"பூனாகலைன்னு தெரியாது. தோட்டம்னு தெரியும். பேரு, எடம், வேலை. டவுன்காரங்க யாருங்க அப்பிடிக் கூப்பிடுவாங்க?"

"பொய் சொல்றேன்னு தெரிஞ்சும் ஏன் அதை அழிச்சே?"

அவள் நாடாவைச் சுற்றிக்கொண்டே சொன்னாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சதாலதாங்க அழிச்சேன். இவ்வளவு வருசம் இங்க இருந்து, பெரிய ஆளா வந்து, நீங்களே வாயத் தொறக்கல. எங்கிட்டகூடச் சொல்லல. அப்ப இது சொல்லக் கூடாத விசயம்தான் போல, நமக்குத்தான் வெவரம் பத்தலன்னு நெனச்சேன்."

மன்னித்துக்கொள் என்றேன். அந்த எட்டுப் பக்கத்தைத் திரும்பச் சேர் என்று கெஞ்சினேன். ஆம், கெஞ்சினேன்.

"சேக்கிறேன்" என்றாள். "எங்கிட்டத் தனியா, இந்த மேட்டுல வந்து சொன்னாப் போதுமாங்க அக்கா?"

அக்கா திரும்பி வந்துவிட்டது. ஆனால் சும்மா வரவில்லை. "போதாது" என்றேன். செய்திமடலுக்கு நானும் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

வெள்ளிக்கிழமை அவள் அனுப்பிவிட்டாள். நான் அனுப்பவில்லை.

அன்று மாலை படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிறந்த இடம் என்பதற்கு நேரே பேனை நகரவில்லை. ரவி எட்டிப் பார்த்தார்.

"என்னப்பா, ஒரு சொல் எழுதுறதுக்கு இவ்வளவு நேரமோ?"

"உங்கட ஆக்கள் வாசிப்பினம்" என்றேன்.

"வாசிச்சால் வாசிக்கட்டும். நான் ஒருநாளும் உம்மை மறைக்கச் சொல்லேல்லையே."

அது உண்மைதான். சொல் என்றும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதையும் சொல்லிக் காட்டினேன். அவர் எழுந்து தேநீர் போடப் போனார். படிவம் பழைய இடத்துக்கே போனது.

6

முடிவைச் சொல்லிவிடுகிறேன். நிரோஷா தேறிவிட்டாள். நேர்முகத்தில் முக்கால்வாசி நேரம் கொஸ்லந்தைக் கானைப் பற்றித்தான் கேட்டார்களாம். யாரும் சிரிக்கவில்லை. முனியாண்டிக் கல்லைச் சுற்றிய வளைவைத் தாளில் வரைந்து காட்டச் சொன்னார்களாம். "கெடச்சிருச்சு அக்கா" என்று போனில் சொன்னாள். என் செய்திமடல் வாக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததுதான் எனக்கு முள்ளாகக் குத்தியது.

அடுத்த மாணவர் கூட்டத்தில் அவளையே பேச வைத்தேன். இந்தத் தடவை பெயர் கூப்பிடவில்லை. பதிவேட்டை மூடி ஒரு முக்காலியின் மேல் வைத்துவிட்டு, யாருக்கும் எந்த வேலையும் கொடுக்காமல் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். அது எனக்குப் பெரிய பாடு. முப்பதுக்குக் கொஞ்சம் குறைவாகப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். தங்களை ஒத்த வயதுக்காரி, விண்ணப்பம் ஒரு தடவை திரும்பி வந்தவள், பேசுகிறாள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வந்தார்களாம். பின்வரிசையில் மதுராவும் இருந்தாள். பீட்சாவுக்குத்தான் வந்தேன் என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள்.

நிரோஷா ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினாள். முளை, டின், குழாய், கான். லயத்தை 'லைன் ரூம்' என்றாள். பிள்ளைகள் போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். பேசி முடித்ததும் கேள்விக்கு நேரம் விட்டோம். முதலில் உயர்ந்தது என் மகளின் கை.

"லைன் ரூம் என்று பல தடவை சொன்னீர்கள். அப்படி என்றால் என்ன?"

நிரோஷா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, என்னைப் பார்த்தாள். அவள் என் மகள் என்று நிரோஷாவுக்குத் தெரியும். வாசலில் நானே அறிமுகம் செய்து வைத்திருந்தேன். நிரோஷா முக்காலியில் இருந்த என் பதிவேட்டை எடுத்து விரித்துக் கையில் வைத்துக்கொண்டாள். முகத்தில் அந்தப் பழைய குறும்பு. ஆனால் கண்ணில் குறும்பு இல்லை.

"சரோஜா" என்று கூப்பிட்டாள். "பூனாகலை."

வேலை என்ன என்று சொல்லவில்லை. அதை எனக்கு விட்டுவிட்டாள்.

என் கால் தானாக அரை அடி முன்னால் வந்தது.

"இருக்கேங்க" என்றேன்.

அது ஏன் என்று யாருக்கும் புரியவில்லை, நிரோஷாவைத் தவிர. மதுரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். பூனாகலை என்ற பெயரை அவள் அதற்கு முன் கேட்டதே இல்லை. இருபது வருடம் என் கையால் சாப்பிட்ட பிள்ளை, தன் அம்மா எங்கே பிறந்தாள் என்று ஒரு சங்கக் கூட்டத்தில், ஊரார் பிள்ளைகளோடு சேர்ந்து தெரிந்துகொள்ளப் போகிறாள். எனக்கு அழுகை வந்தது. அழுதால் சொல்லி முடிக்க மாட்டேன் என்று அடக்கிக்கொண்டேன். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு தொடங்கினேன்.

"லைன் ரூம் என்றால், பத்தடிக்குப் பன்னிரண்டடி. நாங்கள் அதில் ஏழு பேர் இருந்தோம்."